அழித்த கோப்பு எங்கே போகிறது? யூனிக்ஸ் காலத்து விதியும் ஒரகடத்து சர்வர்களும்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் கார், ஒரகடம் என்றால் லாரியும் புல்லட்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிவது இவ்வளவுதான். 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்தது. 2006ல் ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா வந்தது. ஒரகடத்தில் 2010ல் ரெனோ-நிசான், 2012ல் டைம்லர், 2013ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக ஆலைகள் திறந்தன. இவற்றைச் சுற்றி சீட், கண்ணாடி, பிரேக், ஒயரிங் என்று உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள் சிப்காட் வளாகங்களில் நிறைந்து கிடக்கின்றன.

இந்த மாதிரி ஆலைகளில் கன்வேயர் ஓடுவதற்கு மின்சாரம் எவ்வளவு முக்கியமோ, அதே அளவுக்கு கம்ப்யூட்டரும் முக்கியம். ஒரு பாகம் ஒவ்வொரு ஸ்டேஷனைத் தாண்டும்போதும் பார்கோடு ஸ்கேன் ஆகும். ஸ்கேன் ஆனதும் இந்த எண், இந்த நேரம், சரி அல்லது தவறு என்று ஒரு வரி எங்கோ ஒரு கோப்பில் எழுதப்படும். இப்படி நாள் முழுக்க, மூன்று ஷிஃப்ட்டும் எழுதிக்கொண்டே இருக்கும் கோப்புக்கு லாக் என்று பெயர். உலகம் முழுக்க இந்த வேலையைச் செய்யும் சர்வர்களில் லினக்ஸ் மிகவும் சகஜம்.

லாக் என்பது வளரும் பிள்ளை. கவனிக்காமல் விட்டால் டிஸ்க் முழுவதையும் தின்றுவிடும். டிஸ்க் நிறைந்தால் அடுத்த வரியை எழுத இடம் இருக்காது. எழுத முடியாத புரோகிராம் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். சரி, பழைய லாக்கை அழித்தால் போச்சு என்று யாரும் நினைப்பார்கள். இங்கேதான் வேடிக்கை ஆரம்பிக்கிறது. 40 ஜிபி கோப்பை அழித்தாகிவிட்டது, டைரக்டரியில் அது இல்லை, தேடினாலும் கிடைக்கவில்லை. ஆனால் டிஸ்க்கில் எவ்வளவு காலி என்று கேட்டால் பழையபடி 100 சதவீதம் நிறைந்திருக்கிறது என்றே பதில் வரும்.

முதல்முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். நள்ளிரவு ஷிஃப்ட்டில் இது நடந்தால் பதற்றத்தில் என்ன செய்வார்கள்? இடம் வரவில்லையே என்று இன்னொரு கோப்பை அழிப்பார்கள். அப்படியும் வரவில்லை என்றால் இன்னொன்று. உண்மையான ஆபத்து இதுதான். பிரச்சினை ஒரு கோப்பில் இருக்க, தேவைப்படும் பத்துக் கோப்புகள் பலியாகிவிடும்.

லினக்ஸில் பிழை இருக்கிறது என்று இதற்குக் காரணம் சொல்பவர்கள் உண்டு. பிழை இல்லை. ஐம்பது வருடங்களுக்கு முன்னால், அரை மெகாபைட் டிஸ்க் இருந்த காலத்தில், யோசித்து வைத்த ஒரு விதி இது. அந்த விதியின் கதையைத் தெரிந்துகொண்டால் பதற்றம் பாதி குறைந்துவிடும்.

இடம் இல்லாமல் நின்ற 14 ஆலைகள்

டிஸ்க்கில் இடம் இல்லை என்பது சின்ன விஷயம், இதற்கெல்லாம் ஒரு ஆலை நிற்குமா என்று கேட்கலாம். நிற்கும். ஒன்றல்ல, பதினான்கு நின்றிருக்கின்றன.

2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் நின்றுபோயின. மொத்தம் 28 உற்பத்தி லைன்கள். உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்கள் வேலை செய்யவில்லை. சைபர் தாக்குதலாக இருக்குமோ என்று செய்திகளில் பேச்சு அடிபட்டது. செப்டம்பர் 6 அன்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. ஆகஸ்ட் 27ல் வழக்கமான பராமரிப்பு நடந்தது. டேட்டாபேஸில் சேர்ந்திருந்த தரவுகளை அழித்து ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க்கில் இடம் போதாமல் பிழை ஏற்பட்டு சிஸ்டம் நின்றது. மாற்று ஏற்பாடாக இருந்த சர்வர்களும் அதே சிஸ்டத்தில் இருந்ததால் அவையும் அதே மாதிரி விழுந்தன. பெரிய கொள்ளளவு உள்ள சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகுதான் சரியானது. மறுநாள் ஆலைகள் ஓடின.

இதில் ஒரு வரியைக் கவனியுங்கள். அழிக்கும்போது இடம் போதவில்லை. அழித்தால் இடம் கூடத்தானே வேண்டும்? கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. அழிப்பதும் இடத்தை விடுவிப்பதும் இரண்டு தனித்தனி வேலைகள். டொயோட்டாவில் நடந்தது டேட்டாபேஸ் சம்பந்தப்பட்டது. ஒரகடத்து லாக் உதாரணம் கோப்பு சம்பந்தப்பட்டது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் பாடம் ஒன்றே.

தேவைக்கு மட்டும் பாகங்களை வரவழைத்து, கோடவுனில் அதிகம் தேக்கி வைக்காமல் நடத்தும் முறை டொயோட்டாவால்தான் உலகப் புகழ் பெற்றது. கார் ஆலையும் அதற்கு சப்ளை செய்பவர்களும் அக்கம்பக்கத்தில் அமைவதன் பெரிய லாபமும் அதுதான். அந்த முறையில் ஆர்டர் எழுதும் சர்வர் நின்றால் அடுத்த சில மணி நேரத்துக்குள் லைன் நிற்கும். அதனால் டிஸ்க் காலி இடம் என்பது ஐடி ஆட்களின் தலைவலி மட்டும் அல்ல, உற்பத்திக் கணக்கிலும் வந்து நிற்கும் விஷயம்.

அரை மெகாபைட் காலம்

இப்போது கொஞ்சம் பின்னால் போகலாம். 1969, அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாநிலம், மர்ரே ஹில் என்ற ஊரில் பெல் ஆய்வுக்கூடம். கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிட்சி, ரட் கனடே மூவரும் கோப்புகளை டிஸ்க்கில் எப்படி அடுக்குவது என்று கரும்பலகையில் வரைந்து பேசினார்கள். கைக்குக் கிடைத்த பிடிபி-7 என்ற பழைய மெஷினில் தாம்ப்ஸன் அதை எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் யூனிக்ஸ்.

பிறகு பிடிபி-11 வந்தது. 1971ல் பெல் கம்பெனியின் காப்புரிமைப் பிரிவு டைப்பிஸ்டுகள் அதில் வேலை செய்தார்கள். அந்த மெஷினில் மெமரி 24 கிலோபைட், டிஸ்க் 512 கிலோபைட். இன்றைக்குச் சாதாரண மொபைலில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ கூட அந்த டிஸ்க்கில் அடங்காது. அதில் பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு பைட்டும் தங்கம்.

அந்த நெருக்கடியில் அவர்கள் எடுத்த முடிவு இது. கோப்பின் பெயரும் கோப்பும் ஒன்றல்ல.

கோப்பைப் பற்றிய உண்மையான விவரங்கள், அதாவது அளவு என்ன, உரிமையாளர் யார், டிஸ்க்கில் எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்பதெல்லாம் ஐநோடு என்ற சின்னக் குறிப்பில் இருக்கும். ஒவ்வொரு ஐநோடுக்கும் ஒரு எண். ஆனால் அந்தக் குறிப்பில் கோப்பின் பெயர் மட்டும் இருக்காது! பெயர் இருப்பது டைரக்டரியில். டைரக்டரி என்பது பெயரும் எண்ணும் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான். டெலிபோன் டைரக்டரி மாதிரி. டைரக்டரியில் பெயரை அடித்துவிட்டால் ஆள் காணாமல் போய்விடுவதில்லை.

ஒரே கோப்புக்கு இரண்டு பெயர், மூன்று பெயர் கூட வைக்கலாம். நகல் எடுக்காமல் இரண்டு பேர் ஒரே கோப்பைப் பயன்படுத்த இது உதவியது. சரி, ஒருவர் தன் பக்கத்துப் பெயரை அழித்தால் மற்றவர் கோப்பு போய்விடக்கூடாதே? அதற்காக ஐநோடில் ஒரு எண்ணிக்கை வைத்தார்கள். எத்தனை பெயர்கள் இந்தக் கோப்பைக் காட்டுகின்றன என்ற கணக்கு. ஒரு பெயர் போனால் ஒன்று குறையும். பூஜ்யம் ஆனால்தான் இடம் விடுபடும்.

அதனால்தான் யூனிக்ஸில் கோப்பை அழிக்கும் அடிப்படை ஆணைக்கு அழி என்று பெயர் இல்லை. அதன் பெயர் அன்லிங்க். அதாவது இணைப்பைக் கழற்று. ஆர்எம் என்ற கட்டளையை அடிக்கும்போது உள்ளே நடப்பது இந்த அன்லிங்க் மட்டுமே. பயன்படுத்துகிறவர் அழித்துவிட்டேன் என்று நினைக்கிறார். மெஷினோ ஒரு இணைப்பைக் கழற்றியிருக்கிறது.

இரண்டாவது கணக்கு

இதோடு நின்றிருந்தால் ஒரகடத்து லாக் பிரச்சினை வந்திருக்காது. பெயர் எண்ணிக்கை பூஜ்யம் ஆனதும் இடம் கிடைத்திருக்கும். ஆனால் இன்னொரு கேள்வி மீதி இருந்தது. ஒரு புரோகிராம் கோப்பைத் திறந்து பாதி படித்துக்கொண்டிருக்கும்போது வேறொருவர் வந்து அதன் கடைசிப் பெயரையும் அழித்துவிட்டால் என்ன செய்வது?

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, யாரோ பயன்படுத்துகிறார்கள், அழிக்க முடியாது என்று மறுக்கலாம். இரண்டு, உடனே இடத்தைப் பிடுங்கி வேறு கோப்புக்குக் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் படித்துக்கொண்டிருந்த புரோகிராம் யாருடைய தரவையோ படிக்கும், கதை கந்தல். மூன்று, பெயரை இப்போதே எடுத்துவிட்டு, கடைசியாகப் பயன்படுத்துபவர் மூடும் வரை இடத்தை அப்படியே விட்டுவைக்கலாம்.

யூனிக்ஸ் மூன்றாவது வழியை எடுத்தது. 1970களின் யூனிக்ஸ் கையேடுகளிலேயே இது வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ஏதாவது ஒரு புராசஸ் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், பெயர் மறைந்தாலும் உண்மையான அழிப்பு அது மூடும்வரை தள்ளிப்போகும் என்பது அதன் சாரம்.

ஆக இரண்டு கணக்குகள். டிஸ்க்கில் இருக்கும் பெயர்க் கணக்கு ஒன்று. இப்போது எத்தனை இடத்தில் திறந்திருக்கிறது என்று மெமரியில் இருக்கும் கணக்கு இன்னொன்று. இரண்டும் பூஜ்யமானால்தான் இடம் காலி.

1975ல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் இந்த வேலையைச் செய்யும் பகுதி சில வரிகளே. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் தன் மாணவர்களுக்காக அந்தப் பதிப்பின் மூலநிரலை வரிவரியாக விளக்கி ஒரு புத்தகம் தயாரித்தார். உரிமைப் பிரச்சினையால் அது பொதுவில் வெளியாக முடியவில்லை. ஆனாலும் உலகம் முழுக்க மாணவர்கள் ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துப் படித்தார்கள். 1996ல்தான் முறைப்படி அச்சானது. செமஸ்டருக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் கடையில் நிற்கும் நண்பர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம்.

காமர்ஸ் மாணவருக்குப் புரியும்படி

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதே அல்ல. பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போட்டவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

கம்பெனி ஒருவருக்குக் காசோலை கொடுக்கிறது. கொடுத்த அன்றே ரொக்க ஏட்டில் பணம் போய்விட்டதாக எழுதியாகிவிட்டது. ஆனால் வாங்கினவர் காசோலையை இன்னும் வங்கியில் போடவில்லை. வங்கிக் கணக்கில் பணம் அப்படியே இருக்கிறது. ரொக்க ஏடு ஒரு இருப்பைக் காட்டுகிறது, வங்கி வேறு இருப்பைக் காட்டுகிறது. யாரும் திருடவில்லை, யாரும் தப்பாக எழுதவில்லை. காசோலை ஒருவர் சட்டைப்பையில் இருக்கிறது.

லினக்ஸில் டியூ, டிஎஃப் என்று இரண்டு கட்டளைகள் உண்டு. டியூ என்பது டைரக்டரிகளில் ஒவ்வொரு பெயராகப் போய், அளவைக் கூட்டிச் சொல்லும். அது ரொக்க ஏடு. டிஎஃப் என்பது எத்தனை கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன என்று கோப்பு முறைமையிடமே நேராகக் கேட்டுச் சொல்லும். அது வங்கி. அழித்த கோப்பு டியூவின் கணக்கில் இருந்து உடனே போய்விடும், ஏனென்றால் பெயர் இல்லை. டிஎஃப் கணக்கில் இருந்து போகாது, ஏனென்றால் ஒரு புராசஸ் அதை இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறது.

இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கணக்காளர் என்ன செய்வார்? ரொக்க ஏட்டைக் கிழித்துப் போடமாட்டார். வங்கியில் இன்னும் போடாத காசோலை யாரிடம் என்று தேடுவார். லினக்ஸிலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

நோக்கியா ஆலை

பெயரை எடுப்பது வேறு, இடத்தை விடுவிப்பது வேறு என்பதற்கு ஸ்ரீபெரும்புதூரிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2013ல் நோக்கியா தன் மொபைல் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்க ஒப்பந்தம் செய்தது. 2014 ஏப்ரல் 25 அன்று கைமாற்றம் முடிந்தது. ஆனால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அதில் சேரவில்லை. வருமான வரி வழக்கில் அதன் சொத்துகள் முடக்கப்பட்டிருந்தன. மொபைல் தொழிலின் பெயர்ப் பட்டியலில் இருந்து ஆலை வெளியே, ஆனால் நிலமும் கட்டடமும் அங்கேயே. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. வருடக்கணக்கில் பூட்டியே கிடந்த அந்த ஆலையை சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக 2019 நவம்பரில்தான் அறிவிப்பு வந்தது.

மனிதர்களின் வாழ்க்கையை டிஸ்க் கட்டங்களோடு ஒப்பிடுவது சரியில்லைதான். ஆனால் விதி ஒன்றே. பிடித்து வைத்திருப்பவர் விடும்வரை அடுத்தவர் உள்ளே வர முடியாது. யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் வெளியே நின்று சத்தம் போட்டுப் பிரயோஜனம் இல்லை.

மற்றவர்கள் எடுத்த வழி

எல்லா இயங்குதளமும் யூனிக்ஸ் வழியில் போகவில்லை. டாஸ் காலத்து ஃபேட் முறையில் கோப்பை அழித்தால் டைரக்டரியில் பெயரின் முதல் எழுத்து மட்டும் ஒரு குறியாக மாறும். உள்ளடக்கம் டிஸ்க்கிலேயே கிடக்கும், வேறு கோப்பு வந்து மேலே எழுதும்வரை. 1980களில் பீட்டர் நார்ட்டன் அழித்ததை மீட்கும் மென்பொருளால் பெயரும் பணமும் சம்பாதித்தது இதை வைத்துத்தான்.

விண்டோஸ் வெகுகாலம் முதல் வழியைப் பின்பற்றியது. இந்தக் கோப்பு வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது, அழிக்க முடியாது என்ற செய்தியைப் பார்க்காத ஆள் உண்டா! அப்டேட் போட்டால் ரீஸ்டார்ட் கேட்பதற்கும் இது ஒரு காரணம். ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை மாற்ற முடியாது. லினக்ஸில் பழைய கோப்பின் பெயரை எடுத்துவிட்டுப் புதியதை அதே பெயரில் வைக்கலாம். ஏற்கனவே ஓடுவது பழையதோடு ஓடும், புதிதாகத் தொடங்குவது புதியதை எடுக்கும். பல வருடங்களுக்குப் பிறகு, விண்டோஸ் 10ன் பிந்தைய பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட்டும் யூனிக்ஸ் பாணி அழிப்பைச் சேர்த்தது.

1980களின் மத்தியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் முறையைக் கொண்டுவந்தபோது சிக்கல் வந்தது. யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அந்த சர்வர் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. அப்போது என்ன செய்வது? திறந்திருக்கும் கோப்பை அழிக்கச் சொன்னால், கேட்கும் கம்ப்யூட்டரே அதற்குப் புள்ளியில் தொடங்கும் விசித்திரமான பெயர் வைத்து ஒளித்துவைத்து, மூடிய பிறகு அழிக்கும். இதற்கு அசட்டுப் பெயர்மாற்றம் என்று அவர்களே கிண்டலாகப் பெயர் வைத்தார்கள்.

1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கியபோது இந்த விதி யூனிக்ஸ் மரபோடு சேர்ந்து வந்தது. 1993ல் ரெமி கார்ட் முதலானோர் கொண்டுவந்த எக்ஸ்ட்2, பின்னால் வந்த எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 எல்லாவற்றிலும் அது தொடர்ந்தது. 2013ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். லினக்ஸ் 3.11ல் பிறக்கும்போதே பெயர் இல்லாத தற்காலிகக் கோப்பை உருவாக்கும் வசதி வந்தது. புரோகிராம் செத்தால் கோப்பும் தானாகப் போய்விடும், குப்பை மிஞ்சாது. அழித்தும் இடம் வராத அதே விதிதான் இங்கே சுத்தம் செய்யும் வேலைக்காரனாக இருக்கிறது.

சட்டைப்பையைக் காட்டிக்கொடுத்தவர்கள்

விதி நல்லதுதான். ஆனால் யாரிடம் காசோலை இருக்கிறது என்று பார்க்கக் கருவி வேண்டுமே? அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் மையத்தில் வேலை பார்த்த விக் ஏபெல் எழுதிய எல்எஸ்ஓஎஃப் என்ற கருவி அதற்குத்தான். திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியல் என்பதன் சுருக்கம் அது. எந்தப் புராசஸ், எந்தக் கோப்பு, எவ்வளவு அளவு என்று எல்லாம் சொல்லும். பெயர் போன கோப்புகளுக்குப் பக்கத்தில் அழிக்கப்பட்டது என்று குறிப்பும் போடும். கூட்டல் குறி, பெரிய எல், ஒன்று என்று சேர்த்து அடித்தால் பெயர்க் கணக்கு பூஜ்யமான கோப்புகளை மட்டும் காட்டும்.

இன்னொரு வழி புராக் என்ற டைரக்டரி. ஓடும் புராசஸ்களையே கோப்புகள் மாதிரி காட்டலாம் என்ற யோசனையை 1984ல் பெல் ஆய்வுக்கூடத்து டாம் கில்லியன் ஒரு கட்டுரையாக எழுதினார். லினக்ஸும் அதை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு புராசஸ் எண்ணுக்கும் கீழே அது திறந்து வைத்திருக்கும் கோப்புகள் எல்லாம் வரிசையாக இருக்கும், பெயர் இழந்தவை உட்பட.

இதில் ஒரு உயிர்காக்கும் விஷயம் இருக்கிறது. தவறிப்போய் ஒரு முக்கியமான கோப்பை அழித்துவிட்டால், அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராமை மட்டும் நிறுத்தவே கூடாது. அது ஓடும்வரை உள்ளடக்கம் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். புராக் வழியாக அதை வேறு பெயரில் நகலெடுத்துவிடலாம். பதறிப்போய் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் கடைசிப் பிடியும் போகும், கோப்பும் போகும். ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பழக்கம் இங்கே இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. இடம் வேண்டும் என்றால் உதவும், கோப்பு வேண்டும் என்றால் கொன்றுவிடும்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் டிஎஃப், டியூ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டியூவை ரூட் உரிமையோடு ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி இல்லாத டைரக்டரிகள் கணக்கில் வராது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் எல்எஸ்ஓஎஃப் போட்டு யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஆள் கிடைத்ததும், அந்தச் சேவையை மட்டும் நிறுத்தி மறுபடி தொடங்கினால் இடம் அந்த நொடியே கிடைக்கும். மொத்த சர்வரையும் நிறுத்தத் தேவையில்லை. பல சர்வர் மென்பொருள்கள் ஹப் என்ற சிக்னல் அனுப்பினால் லாக்கை மூடிப் புதிதாகத் திறக்கும், நிறுத்தக்கூட வேண்டாம். லைன் ஓடிக்கொண்டிருக்கிறது, எதையும் தொட முடியாது என்றால் புராக் வழியாக அந்த லாக் கோப்பின் அளவைப் பூஜ்யமாக்கலாம். ஆனால் இது லாக் கோப்புக்கு மட்டும். டேட்டாபேஸ் கோப்பில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

அதைவிட நல்லது, ஓடும் லாக்கை ஆர்எம் போடாமலே இருப்பது. பெயரை விட்டுவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் வெட்டினால் இடம் உடனே வரும். ரெட் ஹாட் நிறுவனத்து எரிக் ட்ரோன், பிரஸ்டன் பிரவுன் எழுதிய லாக்ரொட்டேட் என்ற கருவி இதைத் தினமும் தானாகச் செய்வதற்காகவே இருக்கிறது. பழைய லாக்குக்குப் பெயர் மாற்றி, சுருக்கி, எழுதும் புரோகிராமுக்குத் தகவல் சொல்லி, கெடு முடிந்ததை அழிக்கும். பல லினக்ஸ் வெளியீடுகளில் முதலிலிருந்தே இருக்கும். நம் மென்பொருள் எழுதும் லாக்கை அதில் சேர்க்காமல் விடுவதுதான் பல இடங்களில் நடக்கும் தவறு.

வித்தியாசத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எக்ஸ்ட்2 வகைக் கோப்பு முறைமைகள் வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்காக ஒதுக்கி வைக்கும். 1 டெராபைட் டிஸ்க்கில் அது 50 ஜிபி. சில நேரம் இடம் இருக்கும், ஐநோடுகள் தீர்ந்திருக்கும். லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகள் சேர்ந்தால் அப்படி ஆகும். டேட்டாபேஸிலும் இதே கதை உண்டு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வரிகளை அழித்தால் அவை செத்த வரிகளாக அங்கேயே கிடக்கும். வேக்வம் என்ற சுத்தம் செய்யும் வேலை முடிந்த பிறகு அந்த இடம் மறுபடி பயன்படும். முழு வேக்வம் போட்டு டிஸ்க்குக்கே திருப்பித் தர வேண்டும் என்றால், முதலில் அட்டவணையின் புது நகலை எழுதக் கூடுதல் இடம் வேண்டும். இடத்தைக் காலி செய்ய இடம் வேண்டும்! டிஸ்க் முழுதும் நிறைந்த பிறகு யோசித்தால் அது நடக்காது.

தமிழ்நாட்டில் லினக்ஸ்

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் அந்நியம் அல்ல. சென்னை சி-டாக் மையம் 2007ல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2000களின் இரண்டாம் பாதியில் உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது பெரிய செய்தியானது. 2011ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. ஆனால் அதைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம். விண்டோஸோடு நின்றவர்கள் பலர். அப்படிப் படித்து முடித்தவர்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகும்போது, முதல்முறையாகக் கறுப்புத் திரையில் லினக்ஸைப் பார்ப்பது ஏதோ ஒன்று நின்றுபோன ராத்திரியில்தான்.

அந்த ராத்திரியில் உதவப்போவது இருபது கட்டளைகளின் மனப்பாடம் அல்ல. அழிப்பது என்றால் பெயரை எடுப்பது, இடம் விடுபடுவது என்றால் கடைசிப் பிடி விடுவது என்ற இந்த ஒரு வேறுபாடு. அது தெரிந்தவர் இரண்டாவது கோப்பை அழிக்கப் போகமாட்டார். யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேட்பார்.